ஒருத்தியை நிறுத்தி வைக்க ஒரு பாடத்திட்டம்

ஷார்ஜாவில் இருபத்து மூன்று மாணவர்களின் எதிர்காலத்தை அமைத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டு நான் ஒரு முழுப் பாடத்திட்டம் எழுதினேன். உண்மையில் அதை எழுதியது என் மகள் இன்னும் சில வருடம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக. இதை இதுவரை யாரிடமும் எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. நிர்வாகத்துக்குக் கொடுத்த பிரதியில் 'நோக்கம்' என்ற தலைப்பின் கீழ், உலக நிதித்துறையில் தடம் பதிக்கும் இளைய தலைமுறையை உருவாக்குதல் என்று போட்டிருந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. நிதித்துறையில் நான் பதித்திருந்த ஒரே தடம், சம்பள நாளன்று வங்கி இயந்திரத்தின் முன்னால் வரிசையில் நின்ற தடம்.

நான் அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வணிகவியல் ஆசிரியர். வளைகுடாவில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு ஒரு கெடு உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் பிள்ளை போய்விடும். பையன் என்றால் பதினெட்டு வயதுக்கு மேல் அப்பாவின் விசாவில் வைத்திருப்பது இழுபறி. பெண் என்றால் விசா கிடைக்கும், கட்டுப்படியாகிற கல்லூரி கிடைக்காது. ஆகவே இரண்டு பேருக்கும் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஒரு ஹாஸ்டல். ஜூன் பிறந்தால் எங்கள் தெருவில் பெரிய குப்பைத் தொட்டிகளின் பக்கத்தில் படிக்கும் மேசைகள் வந்து நிற்கும். நல்ல மேசைகள், கிரிக்கெட் வீரர்களின் ஸ்டிக்கர் ஒட்டியவை. வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டு மேசையே அப்படி எடுத்து வந்ததுதான். ஒவ்வொரு ஜூனிலும் அந்த மேசைகளைப் பார்த்து நான் மனதுக்குள் வருடங்களைக் கழிப்பேன். மகள் ஆறாம் வகுப்பு, இன்னும் ஆறு. எட்டாம் வகுப்பு, இன்னும் நாலு. அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது கழிப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்திரேலியக் கல்லூரி ஒன்று துபாயில் கிளை திறந்தது. கிளை என்றால் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு மாடி. அவர்களுக்கு மாணவர் வேண்டும், எங்கள் பள்ளிக்கு விளம்பரப் புத்தகத்தில் போட ஒரு புது வரி வேண்டும். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு விஷயத்தை விளக்கினார். பள்ளியில் இருக்கும்போதே மாணவர்கள் கல்லூரி முதலாண்டுப் பாடங்களில் நாலை, நிதித்துறை வேலைக்கு ஏற்ற பாடங்களாகப் பார்த்துப் படிப்பார்கள். அதே படிப்பு பள்ளி மதிப்பெண்ணிலும் சேரும், பிற்பாடு கல்லூரிப் பட்டத்திலும் சேரும். ஒரு டிக்கெட்டில் இரண்டு படம். அந்தக் கல்லூரியில் சேர்கிறவர்களுக்குப் படிப்பு ஒரு வருடம் குறையும், செலவும் அந்த அளவுக்குக் குறையும்.

செலவு குறையும் என்ற இடத்தில் நான் பிரின்சிபால் பேசுவதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். என் கண்முன்னால் மகள் துபாயில் கல்லூரிக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றிப் போட்டு, அம்மா என்ன டிபன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். அந்தப் பள்ளியில் பதினொரு வருடமாக எந்த வேலைக்கும் நான் அவ்வளவு வேகமாகத் தலையாட்டியதில்லை. பிரின்சிபால் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும், ஒன்றும் அவசரமில்லை என்றார்.

கல்லூரியின் பக்கத்தில் என்னோடு சேர்ந்து வேலை செய்தவர் பதிவாளர், யாழ்ப்பாணத்துக்காரர். கல்லூரியில் எல்லோரும் கழுத்துப்பட்டையில் அட்டை தொங்கவிட்டிருக்க, இவர் மட்டும் அதைச் சட்டைப் பையில் வைத்து, கேட்டால் எடுத்துக் காட்டுவார். வாத்தியார்களை மாஸ்டர் என்று கூப்பிடும் வழக்கப்படி முதல் நாளிலிருந்தே நான் அவருக்கு மாஸ்டர்.

"மாஸ்டர், நீங்கள் பாங்கில வேலை செய்தனீங்களோ?"

"இல்ல சார்."

"ஒடிட்டிங்?"

"அதுவும் இல்ல."

"அப்ப நல்லது. அந்த ஆக்கள் வந்தால் எல்லாத்திலையும் பிழை பிடிப்பினம். பிறகு இதை ஒருக்காலும் எழுதி முடிக்கேலாது."

மூன்று மாதத்தில் முடித்தோம். வங்கி எப்படி நடக்கிறது, முதலீடு, காப்பீடு, கடைசியாக நிதித்துறையில் என்னென்ன வேலைகள் என்று நாலு பாடம். நாலாவது பாடத்துக்கு, அந்தத் துறையில் வேலை பார்க்கும் அப்பாக்களை அழைத்துப் பேசச் சொல்வது என் யோசனை. பிற்பாடு அதை நடத்தியபோது ஒரு தணிக்கையாளர் ஒரு மணி நேரம் பேசினார், பிள்ளைகள் விழித்திருந்ததே மரியாதை. கிரெடிட் கார்டு பாக்கியை வசூலிக்கும் வேலையில் இருந்த ஒருவர் பத்து நிமிடம்தான் பேசினார். போனை எடுக்காதவரை எப்படி எடுக்க வைப்பது என்று அவர் நடித்துக் காட்டியதும் பாதி வகுப்பு அந்த வேலைக்கே போவதாக முடிவு செய்துவிட்டது.

திட்டத்தில் நான் அதிகம் யோசித்து எழுதிய பகுதி கால அட்டவணை. கல்லூரி வகுப்புகளை வாரத்தில் இரண்டு நாள், மாலை நாலு முதல் ஆறு மணி வரை என்று வைத்தேன். அந்த வருடங்களில் அங்கே இருந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மாலை ஆறு மணிக்கு துபாயிலிருந்து ஷார்ஜாவுக்குக் காரில் கிளம்புகிறவன் எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அதிர்ஷ்டக்காரன். இத்தனைக்கும் தூரம் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேலே. சனிக்கிழமை காலையில் வைக்கக் கூடாதா, சாலை காலியாக இருக்குமே என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். நிதி சம்பந்தமான விஷயங்களில் மாணவரின் கவனம் மாலையில்தான் கூர்மையாகிறது என்று ஒரு காரணம் சொன்னேன். அதை எங்கேயோ படித்ததாகவும் சொன்னேன். மற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி வேன். கோப்புகள் வேனில் கசங்கிவிடும் என்பதால் ஒருங்கிணைப்பாளரான நான் என் பழைய காரில் தனியாகப் போவேன், என் மகள் என்னோடு வருவாள். வாரத்துக்கு நாலு மணி நேரம் அவளை என் பக்கத்தில் உட்கார வைக்க, இரண்டு அமீரகங்களின் வாகன நெரிசலை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

வேதியியல் ஆசிரியரைப் பிடிக்காத காரணத்தால் அவளாகவே வணிகவியல் எடுத்திருந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வேதியியல் ஆசிரியருக்கு அந்த வருடம் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தேன், ஏன் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

எல்லாம் தயாரானதும் பெற்றோர் கூட்டம் வைத்தோம். நாற்பது நிமிடம் பேசினேன். படங்கள் காட்டினேன். பிறகு கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றதும் பின்வரிசையில் ஓர் அப்பா எழுந்தார்.

"சார், இது ஊர்ல செல்லுமா?"

வளைகுடாவில் டிரைவிங் லைசென்ஸிலிருந்து வாஷிங் மெஷின் பிளக் வரை எதைக் கையில் எடுத்தாலும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி இது. நானே ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். பாடத்திட்டம் எழுதிய மூன்று மாதமும் இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றாதது, எனக்கு அது இங்கே மட்டும் செல்ல வேண்டும் என்று இருந்ததால்தான். இந்தியாவில் இப்போதைக்குச் செல்லாது என்றேன். இன்னோர் அப்பா, ஊரை விடுங்க, கனடாக்காரன் எடுத்துக்குவானா என்றார். அதற்கும் இல்லை என்றேன்.

முதலில் கேட்டவர் உட்காரவே இல்லை. "கம்பெனி எப்ப விசாவ கேன்சல் அடிப்பான்னு தெரியாது சார். இங்க மட்டும் செல்றத வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?"

அறை முழுவதும் தலைகள் ஆடின. அன்று பதிவு செய்தவர்கள் ஆறு பேர், அதில் ஒன்று என் வீட்டுப் பிள்ளை. இருபது பேர் சேராவிட்டால் வகுப்பே கிடையாது என்பது கல்லூரியின் நிபந்தனை.

மறுநாள் பதிவாளரிடம் போய் உட்கார்ந்தேன். ஏதாவது ஒரு வெளிநாட்டில் செல்லும்படி ஒரு வரி போட வேண்டும் என்றேன். அவர் தாய்க் கல்லூரிக்கு எழுதி, பேசி, ஒரு வாரத்தில் அனுமதி வாங்கினார். நாலு பாடத்திலும் தேறியவர்கள் விரும்பினால் மெல்பர்னில் உள்ள தாய்க் கல்லூரியிலேயே நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதை நான்தான் ஏழாவது விதியாக எழுதினேன். எழுதியதும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. யாராவது நிஜமாகவே போய்விடுவார்களா என்று கேட்டேன்.

"ஆர் போறது மாஸ்டர்? வாசிக்க வடிவாய் இருக்கும், அவ்வளவுதான். ஒருத்தரும் பாவிக்க மாட்டினம்."

இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். ஏழாவது விதி பார்ப்பதற்குத் தாராளமாகத் தெரிந்ததால், எட்டாவது விதியைக் கண்டிப்பாக எழுதினேன். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அன்று வராத கணக்கு. வராத வகுப்புகள் ஓர் அளவைத் தாண்டினால் அத்தனை மணி நேரத்தையும் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து ஈடுகட்டி, ஒருங்கிணைப்பாளரின் சான்றுக் கடிதம் பெற்றால்தான் தேர்ச்சி செல்லும். ஒருங்கிணைப்பாளர் நான்.

அந்த இரண்டு வருடம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் எனக்கு நினைவிருப்பது கார்தான். போகும்போது அல் நஹ்தாவில் ஒரு கஃபட்டீரியா வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பேன். பால் சுண்டக் காய்ச்சிய இரண்டு கரக் டீயும், முட்டை வைத்துச் சுருட்டிய பரோட்டாவும் காருக்கே வரும். வகுப்புக்கு நேரமாகிறது என்பாள். சூடாகக் குடித்தால் நாக்கு வெந்துவிடும் என்பேன். கல்லூரி வாசல் வரை நான் அப்பா. உள்ளே மற்ற பிள்ளைகள் முன்னால் சார். நடுவில் லிஃப்டில் இருக்கும் நேரம் அவள் என்னை எதுவும் கூப்பிட மாட்டாள்.

திரும்பும்போது கார்ப் பின்விளக்குகளின் அந்தச் சிவப்பு ஆற்றில் நகராமல் நிற்போம். இரு பக்கமும் கிரேன்களாக இருக்கும். இன்று எத்தனை கிரேன் என்று எண்ணுவது அவள் வேலை. ஒரு நாள் பாலத்துக்கும் சுற்றுச்சாலைக்கும் நடுவில் அறுபத்தொன்று எண்ணினாள், அதில் இரண்டு ஒன்றையொன்று இடித்துவிடும் போல இருக்கிறது என்று கவலைப்பட்டாள். தனக்கு வரும் கனவுகள், தோழிகளுக்குள் நடந்த சண்டைகள், வட்டிக்கு வட்டி போடுவது என்ன நியாயம் என்பது எல்லாம் அந்த இருக்கையில் சொன்னாள். வீட்டில் அவளுக்கு அறை இருந்தது, கதவு இருந்தது. காரில் எங்கே போவாள்? பல நாள் அவள் பேசவே மாட்டாள், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடுவாள். அதுவும் எனக்குப் போதும். பிரிந்தவர்களை நினைத்துத்தான் ஏங்குவார்கள் என்று நான் படித்த எல்லாவற்றிலும் இருந்தது. நான் பக்கத்து இருக்கையில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தவளுக்காக ஏங்கினேன். முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்தால் எனக்கு எரிச்சல் வந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு, ஜனவரி மாதம். மழை பெய்து சாலையெங்கும் தண்ணீர் தேங்கி, அன்றைக்கு மற்ற நாட்களைவிட மோசமாக நின்றுகொண்டிருந்தோம். அவள் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தாள்.

"அப்பா, ரூல் செவன் நெஜமா?"

"எது?"

"மெல்பர்ன். ஸ்ட்ரெய்ட்டா செகண்ட் இயர்."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. யாரும் அப்படிப் போறதில்ல."

"யார் எழுதுனது?"

"நான்தான்."

"அப்போ நெஜம்தான்," என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தேன். இந்த வயதில் பிள்ளைகளுக்கு எத்தனையோ ஆசை வரும், போகும். அவள் விண்ணப்பம் போட்டதும், முதல் மாற்றல் மாணவி என்பதால் கட்டணத்தில் பெரும் பகுதி தள்ளுபடி கிடைத்ததும் மார்ச் மாதம் கல்லூரியிலிருந்து வந்த ஒரு கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. கடிதத்தின் கடைசி வரி, இந்த மாணவியின் வருகை குறைவாக உள்ளதால் எட்டாவது விதிப்படி ஒருங்கிணைப்பாளரின் சான்று தேவை என்றது.

வருகை எப்படிக் குறைந்தது என்று எனக்கு விளக்கத் தேவையில்லை. வேனில் வந்த இருபத்திரண்டு பேரும் நேரத்துக்கு வந்தார்கள். ஒருங்கிணைப்பாளரின் மகள் மட்டும் டீ குடித்துவிட்டு வந்தாள். இரண்டு வருட டீ சேர்ந்து முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கடிதத்தை மேசை இழுப்பறையில், சாக்பீஸ் பெட்டிக்கு அடியில் வைத்தேன். விதி விதிதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மணி நேரத்தை ஈடுகட்டாத மாணவிக்கு எப்படிச் சான்று கொடுப்பது? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. அப்படி ஒன்று எனக்கு இருப்பது அந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நினைவுக்கு வந்தது. கொடுக்காவிட்டால் மெல்பர்ன் போக முடியாது. துபாயில் மறுபடி முதலாண்டிலிருந்து சேர வேண்டும், அவ்வளவுதானே. ஒரு வருடம் கூடவே இருப்பாள். பதினொரு நாள் அந்தக் கடிதம் இழுப்பறையில் கிடந்தது. வீட்டில் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது சாம்பாரை என் பக்கம் நகர்த்திவிட்டாள், எப்போதும் போல.

பன்னிரண்டாம் நாள் பதிவாளர் போன் செய்தார். கையெழுத்து ஏன் இன்னும் வரவில்லை என்றார். மாணவி நூலக மணி நேரத்தை முடிக்கவில்லையே என்றேன், குரலில் முடிந்தவரை வருத்தத்தை வரவழைத்து.

"என்ன மாஸ்டர் கதைக்கிறியள்? பிள்ளை சனிக்கிழமை சனிக்கிழமை வந்து எல்லாம் முடிச்சிட்டுதே. போன கிழமையோட சரி. உங்கட மனிசிதானே கூட்டிக்கொண்டு வந்தவா."

தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அவர் இரண்டு முறை ஹலோ என்றார். பிறகு, "முறுக்கும் கொண்டு வந்து தந்தவா. நல்ல முறுக்கு," என்றார்.

சனிக்கிழமை காலைகளில் எனக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு. தோழி வீட்டில் சேர்ந்து படிக்கப் போவதாக மகள் சொல்லியிருந்தாள். ஷார்ஜாவில் காய்கறிச் சந்தைக்குக்கூட என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவாள் என் மனைவி. அவள் மகளோடு பஸ் பிடித்து, பெண்களுக்கான முன்வரிசையில் உட்கார்ந்து, அதே சாலையில் ஒன்பது சனிக்கிழமை போய் வந்திருக்கிறாள். மகள் நூலகத்தில் படிக்க, இவள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்கு அதில் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை காலையில் சாலை காலியாக இருந்திருக்கும், கிரேன் எண்ண நேரம் இருந்திருக்காது என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது.

அன்றே கையெழுத்துப் போட்டேன். வெள்ளைத் தாளில் பள்ளி முத்திரை வைத்து, மாணவி ஒழுக்கத்திலும் நேரந்தவறாமையிலும் சிறந்தவர் என்று எழுதினேன்.

ஜூலையில் போனாள். கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு அனுப்பியிருந்தால் நாலு மணி நேர விமானம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்த்திருக்கலாம். நான் பாடுபட்டுப் பாடத்திட்டம் எழுதி அதைப் பதினாலு மணி நேரமாக ஆக்கியிருந்தேன். விமான நிலையத்தில் அவள் என் சட்டைப் பையைச் சரிசெய்துவிட்டு, பை சொல்லி, திரும்பிப் பார்க்காமல் போய், பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோது திரும்பிப் பார்த்தாள். அதற்குள் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய குடும்பம் வந்து நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்தது அவள் கை மட்டும்.

அதற்குப் பிறகும் வாரத்தில் இரண்டு நாள் அந்தச் சாலையில் போய் வந்தேன், அடுத்த அணி மாணவர்கள் இருந்தார்களே. கோப்புகள் வேனில் கசங்கவில்லை என்று தெரிந்தது, ஆனாலும் காரில்தான் போனேன். சில மாதங்களில் உலகமெங்கும் வங்கிகள் விழுந்தன. கிரேன்கள் பாதி திரும்பிய நிலையில் அப்படியே நின்றன. பிள்ளைகளின் அப்பாக்களுக்கு வேலை போயிற்று. நிதித்துறை அப்பாக்களில் வசூல்காரர் ஒருவருக்கு மட்டும் வேலை கூடியது. பெற்றோர்கள் வந்து, சார், இதையே எஞ்சினியரிங்குக்கு மாத்தித் தர முடியுமா என்று கேட்டார்கள். மூன்றாவது அணிக்கு இருபது பேர் சேரவில்லை. பாடத்திட்டம் அதோடு முடிந்தது. சாலையில் வண்டிகள் குறைந்து, ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆறே முக்காலுக்கு வீட்டில் இருந்தேன். எல்லோரும் அதற்காகச் சந்தோஷப்பட்டார்கள். நான் சில நாள் வேண்டுமென்றே வெளிச்சாலையில் சுற்றி வந்தேன்.

முடிவதற்கு முன்னால் கல்லூரி எனக்கு ஒரு கேடயம் கொடுத்தது, தாய்க் கல்லூரிக்கு முதல் மாணவியை அனுப்பிய ஒருங்கிணைப்பாளருக்கு என்று. பதிவாளர் கைதட்டினார். அதை வீட்டுக்குக் கொண்டு வந்து எங்கே வைப்பது என்று தெரியாமல் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மனைவி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் அவளிடம் முழுவதையும் சொன்னேன். அட்டவணை, டீ, பெற்றோர் கூட்டம், இழுப்பறையில் கிடந்த பதினொரு நாள், ஒன்று விடாமல். அவள் கையை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்து, தட்டை நகர்த்தி வைத்தாள்.

"இதுக்கு ஏங்க இவ்வளவு பாடு? இங்கயே இரும்மான்னு அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

கேட்டிருந்தால் இருந்திருப்பாளா என்றேன்.

"மாட்டேன்னுதான் சொல்லிருப்பா," என்றாள். "உங்களுக்கு வேல மிச்சமாயிருக்கும்."